பேச்சு மூச்சு இல்லாதபோது

கல்யாண மண்டபத்தில் யாராவது மயங்கி விழுந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கூட்டத்தை விலக்கிக் காற்று விடச் சொல்வார். இன்னொருவர் சோடா தேடி ஓடுவார். கன்னத்தைத் தட்டிப் பார்க்கும் பெரியம்மா "ஐயோ, பேச்சு மூச்சு இல்லையே" என்று பதறுவார். இரண்டு நிமிடத்தில் விழுந்தவர் கண்ணைத் திறந்து "தண்ணி" என்பார். "நினைவு வந்துடுச்சு" என்று மண்டபமே பெருமூச்சு விடும். அப்புறம் பந்தி தொடரும்.

இந்த இரண்டு தொடர்களை நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். யோசித்தால் இரண்டுமே விவகாரமானவை. "பேச்சு மூச்சு இல்லை" என்பது உண்மையில் ஒரு சோதனை முடிவு. ஒருவருக்குள்ளே உணர்வு இருக்கிறதா என்று வெளியே நிற்பவர் எட்டிப் பார்க்க முடியாது. பேச்சு வருகிறதா, மூச்சு தெரிகிறதா என்று பார்த்து ஊகிக்கிறார். "நினைவு வந்துடுச்சு" என்பது அடுத்த சிக்கல். பள்ளிக்கூட நாட்களை அசைபோடுவதும் நினைவு. மயக்கம் தெளிவதும் நினைவு திரும்புவது. ஞாபகமும் பிரக்ஞையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

மனித பிரக்ஞை என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலான கட்டுரைகள் தத்துவத்தில் தொடங்கும். எனக்கு அறுவை சிகிச்சை அறையும் ஐ.சி.யூ.வும்தான் இந்தக் கேள்வி பிறந்த வீடுகளாகத் தெரிகின்றன. அங்கேதான் பேச்சு, மூச்சு, அசைவு, ஞாபகம், உணர்வு என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து டாக்டர் கையில் பால் போன்ற மருந்தை ஏற்றிக்கொண்டே சொந்த ஊர் எது என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். "முடிஞ்சுடுச்சு சார், கண்ணைத் திறங்க" என்றார் ஒரு நர்ஸ். நடுவில் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தால் கொஞ்சம் நேரம் போயிருக்கிறது என்றாவது உடம்புக்குத் தெரியும். இதில் அதுகூட இல்லை. இரண்டு மணி நேரத்தை யாரோ கத்தரித்து, இரு முனையையும் ஒட்டிவிட்டதுபோல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் நான் எதையும் உணரவில்லை என்று அப்போது உறுதியாக நம்பினேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் ஞாபகம் இல்லாதது மட்டும்தான் என்பது பின்னால்தான் உறைத்தது.

மயக்க மருந்தின் வரலாறே இந்தக் குழப்பத்தோடுதான் ஆரம்பிக்கிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை முகரவைக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்ற அறுவை மருத்துவர் கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் கழுத்தில் இருந்த கட்டியைக் கத்தியால் கீறினார். இளைஞர் அலறவில்லை. கூடியிருந்த மருத்துவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் எழுந்த பிறகு அவர் சொன்னது கவனிக்க வேண்டியது: வலி தெரியவில்லை, ஆனால் கழுத்தில் ஏதோ செய்கிறார்கள் என்பது தெரிந்தது, மழுங்கிய ஒன்றால் சுரண்டுவதுபோல் இருந்தது. அதாவது, உலகமே கொண்டாடிய அந்த முதல் மயக்கத்தில் ஆள் முழுதாகப் போகவில்லை, வலிதான் போயிருந்தது.

அடுத்த நூறு ஆண்டில் இன்னொரு மருந்து வந்தது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவிய குராரே. தசைகளை அப்படியே தளர்த்திப் போட்டுவிடும். 1942இல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் அதை அறுவை சிகிச்சையில் பயன்படுத்தினார். அது தசையை மட்டும் கட்டிப்போடுகிறதா, மனதையும் சேர்த்து அணைக்கிறதா என்பதில் மருத்துவர்களுக்கே சந்தேகம் இருந்தது. அசையாமல் கிடப்பவரிடம் எப்படிக் கேட்பது? 1947இல் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். பேச முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, மூச்சுகூடச் செயற்கையாகத்தான். நம் பெரியம்மாவின் சோதனைப்படி ஆள் இல்லை. ஆனால் மருந்து இறங்கிய பிறகு, சுற்றி நடந்த எல்லாவற்றையும் அவர் விவரித்தார். முழு நேரமும் தெளிவாக இருந்திருக்கிறார்.

இன்றைய மயக்கம் ஒரே மருந்தல்ல, கூட்டணி. உறக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தசைத் தளர்ச்சிக்கு ஒன்று. பதற்றம் தணிய முன்கூட்டியே தரும் மிடாசோலம் புதிய ஞாபகங்கள் பதிவதையும் தடுத்துவிடும். பேச்சையும் அசைவையும் ஞாபகத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால், உள்ளே உணர்வு மட்டும் மிச்சம் இருந்தாலும் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

1977இல் டன்ஸ்டால் என்ற மருத்துவர் எளிய உபாயம் ஒன்று செய்தார். தசைத் தளர்த்தி ஏற்றும் முன் ஒரு கையில் மட்டும், ரத்த அழுத்தம் பார்க்கும்போது கட்டுவார்களே, அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவது. மருந்து அந்தக் கைக்குப் போகாது. உடம்பு முழுக்கக் கட்டுண்டு கிடக்க, அந்தக் கை மட்டும் சுதந்திரமாக இருக்கும். பிறகு காதருகே பெயர் சொல்லி, "நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று கேட்கலாம். சிலர் அழுத்துகிறார்கள்.

எத்தனை பேர்? கேட்கும் விதத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அறுவையின்போது விழிப்பு வந்ததாகத் தாங்களாகவே வந்து முறையிட்டவர்களைப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து கணக்கெடுத்தபோது, 2014இல் வெளியான முடிவு ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். நோயாளிகளைத் தேடிப் போய்க் குறிப்பான கேள்விகளைக் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். கையைக் கட்டி, அந்த நேரத்திலேயே கேட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், 260 பேரில் 4.6 விழுக்காட்டினர் கையை அழுத்தினார்கள். கையை அழுத்துபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிறகு எதுவுமே ஞாபகம் இருப்பதில்லை. (அறுவைக்குத் தேதி குறித்தவர்கள் பயப்பட வேண்டாம். அழுத்தியவர்களில் பலர் மூச்சுக்குக் குழாய் செருகும் அந்தச் சில நிமிடங்களில் லேசாக மேலெழுந்து மறுபடி ஆழ்ந்தவர்கள். அவதிப்பட்டு ஞாபகம் வைத்திருப்பது மிக அரிது.)

அந்த 4.6 விழுக்காட்டினருக்கு நினைவு இருந்ததா, இல்லையா? தமிழில் இந்தக் கேள்வியே தடுமாறுகிறது பாருங்கள். ஞாபகம் என்ற பொருளில் இல்லை. பிரக்ஞை என்ற பொருளில், அந்த நொடியில், ஏதோ இருந்தது. என் பித்தப்பை அறுவையில் நான் யாருடைய கையையாவது அழுத்தியிருந்தால், அப்படி அழுத்திய அந்த ஆள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்தப் பிரிப்பு வேலையை நம் பக்கத்தில் பொறுமையாகச் செய்தவர்கள் சைவ சித்தாந்திகள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் என்று தனியாக ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அதில் ஒன்று, புலன்கள் ஒடுங்கிய நிலையிலும் அறிதல் நடப்பது; இன்னொன்று, உறங்கும்போது உடம்பு அங்கேயே கிடந்தும் உண்பதும் செயலும் இல்லாமல் போவது. உடம்பும் மூச்சும் இருக்கும்போதே அனுபவம் வந்து போகிறது என்றால், அனுபவிப்பது உடம்பாகவோ மூச்சாகவோ இருக்க முடியாது என்பது வாதம். முடிவை நாம் ஏற்கிறோமோ இல்லையோ, உறக்கத்தை ஒரு பரிசோதனைக் கூடமாகப் பார்த்த பார்வை அபாரமானது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவத்தைகளின், அதாவது நனவு, கனவு, உறக்கம் என்று உயிர் இருக்கும் நிலைகளின், கணக்கு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், நனவில் புலன், மனம், மூச்சு என 35 கருவிகள் வேலை செய்வதாகவும், கனவில் 25 என்றும், உறக்கத்தில் 3 என்றும், துரியத்தில் 2 என்றும், துரியாதீதத்தில் ஒன்று மட்டும் மிஞ்சுவதாகவும் சொல்கிறது. உறக்கத்தில் மிஞ்சும் மூன்று சித்தம் (மனதின் ஒரு கூறு), பிராணன் (மூச்சு), புருடன் (ஆள்). துரியத்தில் சித்தமும் கழன்றுவிடுகிறது. மூச்சும் ஆளும் மட்டும். கடைசியில் மூச்சும் இல்லை. வேதாந்தத்தில் துரியம் என்பது உச்ச நிலை, தூய அறிவு. இந்தக் கீழ்நோக்கிய கணக்கிலோ அது உறக்கத்துக்கும் அடியில் உள்ள இருட்டு. ஒரே சொல், நேர் எதிர்த் திசை. 'முன்னோர்கள் அன்றே மயக்கவியல் அறிந்திருந்தார்கள்' என்று வாட்ஸ்அப்பில் பரப்ப இதில் ஒன்றும் இல்லை. ஆனால் பிரக்ஞை என்பது விளக்கைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அல்ல, அடுக்கடுக்காகக் கழல்வது என்ற புரிதல் இருக்கிறதே, அது ஐ.சி.யூ. வாசலில் நின்றவர்களுக்கு விளங்கும்.

அங்கே போவோம். தலையில் அடிபட்டு வந்தவரின் நிலையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் உருவாக்கியது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைந்த மதிப்பெண் 3. இறந்தவருக்கும் அதே 3தான். யோசித்தால் இது பெரியம்மாவின் சோதனைக்கு மதிப்பெண் போட்ட வடிவம். வெளியே என்ன வருகிறது என்பதைத்தான் இதுவும் அளக்கிறது.

இரண்டு ஆண்டுகள் முன்பு, 1972இல், இதே ஜென்னட்டும் நியூயார்க்கின் ஃபிரெட் பிளமும் ஒரு விசித்திர நிலைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கோமாவில் கண் மூடிக் கிடந்தவர் சில வாரங்களில் கண் திறக்கிறார். பகலில் விழிக்கிறார், இரவில் தூங்குகிறார், தானாக மூச்சு விடுகிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விழிப்பு இருக்கிறது, ஆள் இல்லை. தாவரம்போல் வாழ்வு மட்டும் நடக்கும் நிலை என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயர் இன்று பல மருத்துவர்களுக்கே உறுத்துகிறது.

ஆள் இல்லை என்பது எவ்வளவு உறுதி? 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவக் குழு இந்த நிலையில் இருப்பதாக ஒருமனதாக முடிவு செய்த 44 பேரை, கவனமான அளவுகோலால் மறுபடி பார்த்தது. 18 பேரிடம் பிரக்ஞையின் அறிகுறிகள் இருந்தன. நூற்றுக்கு 41. தவறவிட்டது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். உதாரணத்துக்கு, கண் பின்தொடர்கிறதா என்று பார்க்க விரலையோ டார்ச்சையோ ஆட்டுவதைவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால் கூடுதலானோர் பின்தொடர்கிறார்கள். விரலுக்கு அசையாத கண், சொந்த முகத்துக்கு அசைகிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015இல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரை இறக்க விட வேண்டும் என்ற மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம் 3 மருத்துவர்களை அனுப்பியது. அந்தத் தாவர நிலைக்கான அடையாளங்களில் பெரும்பாலானவை அவரிடம் பொருந்துகின்றன என்றது குழு. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களோ வேறொன்று சொன்னார்கள்: சாப்பாடு பிடித்தால் முகத்தில் தெரியும், ஒலி எழுப்புவார், அவர் எங்களில் ஒருவர். 2011 மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு, கடும் நிபந்தனைகளுடன் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை இந்தியாவில் முதல்முறையாக அனுமதித்தது. அருணாவின் விஷயத்தில் செவிலியர்களின் பக்கம் நின்றது. செவிலியர்கள் கண்டது அனிச்சையா, ஆளையா? பெற்றவர்கள், பிள்ளைகள் சொல்வதையெல்லாம் 'பாசத்தில் அப்படித் தோன்றுகிறது' என்று மருத்துவர்கள் ஒதுக்குவது வழக்கம். 44க்கு 18 என்ற கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஒதுக்கலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளர் செய்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சாலை விபத்தில் சிக்கி ஐந்து மாதமாக எந்தப் பதிலும் இல்லாத 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. "உங்கள் வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றபோது இடத்தை உணரும் பகுதிகள். நலமாக இருப்பவர்களின் மூளையில் தெரியும் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 'டென்னிஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் மூளை தானாகத் துள்ளியிருக்கலாமே என்று சிலர் மறுத்தார்கள். ஆனால் அந்தத் துடிப்பு முப்பது நொடி, ஓய்வெடுக்கச் சொல்லும்வரை, நீடித்தது. சொல்லுக்கு வரும் அனிச்சை அவ்வளவு நேரம் தாங்காது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதவர் கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

2024இல் 6 மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், மூளைக்குள் பதில் சொன்னார்கள். அதே ஆய்வின் இன்னொரு எண் செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். படுக்கையருகே கையை அசைத்தோ கண்ணை அசைத்தோ தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய 112 பேரை அதே கருவியில் சோதித்தபோது, 38 விழுக்காட்டினரிடம்தான் பதில் தெரிந்தது. கண்ணெதிரே நினைவோடு இருப்பவர்களிலேயே பாதிக்கு மேல் கருவி தவறவிடுகிறது. 'பதில் இருக்கிறது' என்று கருவி சொன்னால் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

பதிலே கேட்காமல் அளக்க வழி இல்லையா? இத்தாலியின் மர்செல்லோ மசிமினியின் குழு அப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்தது. மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையை ஒரு தட்டுத் தட்டி, எதிரொலி எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது. ஆழ்ந்த உறக்கத்தில் தட்டினால் 'தொம்' என்று ஓரிடத்திலேயே அடங்கிவிடுகிறது. விழிப்பில் மூளை முழுக்கச் சிக்கலான அலையாக ஓடுகிறது. சிக்கலை எண்ணாக்கினால், 0.31க்கு மேல் பிரக்ஞை உண்டு. இதில் சுவாரசியம் கெட்டமின் என்ற மயக்க மருந்து. அதை ஏற்றியவர் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. எதிரொலியோ விழித்திருப்பவருடையதுபோல் இருக்கிறது. தெளிந்த பிறகு கேட்டால், விதவிதமான கனவுகளைச் சொல்கிறார். ப்ரோபோஃபால் என்ற அந்தப் பால் நிற மருந்தில் எதிரொலி ஓரிடத்திலேயே அடங்கிவிடுகிறது, சொல்லக் கனவும் இல்லை. நல்ல தராசுதான். ஆனால் 0.31 என்ற கோட்டை எப்படி வரைந்தார்கள்? எழுப்பிக் கேட்டு, அவர்கள் சொன்னதை வைத்து. இந்தத் தராசின் எடைக்கல்லும் பேச்சுதான்.

கோட்பாடுகளின் சண்டையும் இங்கேதான் சிக்கி நிற்கிறது. மூளை ஆய்வாளர் ஜியுலியோ டொனோனியின் கோட்பாடு, தகவல் பிரிக்க முடியாதபடி ஒன்றிணையும் இடத்தில் பிரக்ஞை என்கிறது; மூளையின் பின்பகுதியைக் காட்டுகிறது. இன்னொரு மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹானின் அணி, ஒரு தகவல் மூளை முழுவதற்கும் அறிவிக்கப்படும்போது பிரக்ஞை என்கிறது, முன்பகுதி முக்கியம். முன்பகுதி ஒளிர்வது அனுபவத்தாலா, அனுபவத்தைச் சொல்லத் தயாராவதாலா என்பது முதல் அணியின் எதிர்க்கேள்வி. இரு தரப்பும் சேர்ந்து வடிவமைத்து, 256 பேரிடம் நடத்தி, 2025இல் வெளியிட்ட சோதனையில் இரண்டு பேருடைய கணிப்புகளும் ஆங்காங்கே சறுக்கின. இடையில் 2023இல் 124 அறிஞர்கள் டொனோனியின் கோட்பாடு போலி அறிவியல் என்று கடிதமே எழுதினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில், பிரக்ஞையின் மூளைத் தடயம் 25 ஆண்டுகளில் கிடைத்துவிடும் என்று 1998இல் பந்தயம் கட்டிய மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்.

சால்மர்ஸ் 1990களில் எழுப்பிய கேள்வி எளிமையானது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கிறது. நாக்கில், நரம்பில், மூளையில் என்ன நடக்கிறது என்று எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். அப்படி விளக்கிய பிறகும், அந்த இனிப்பு ஒருவருக்கு இனிப்பாக இருக்கிறதே, அது ஏன் என்ற கேள்வி மீந்து நிற்கும். நரம்பணுக்களின் எண்ணிக்கை இதற்கு விடையல்ல. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி பின்தலையின் சிறுமூளையில் உள்ளன. சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்கள் தள்ளாடி நடக்கிறார்கள், குழறிப் பேசுகிறார்கள். ஆனாலும் அவர்களுக்கு இனிப்பு இனிப்புதான்.

ஓவனின் குழு 2010இல் ஒரு படி மேலே போனது. 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீட்டுக்குள் நடை என்று ஒப்பந்தம் வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகளாகப் பதிலற்றுக் கிடந்த ஒருவரிடம் அப்பாவின் பெயர் முதலான ஆறு கேள்விகளைக் கேட்டார்கள். ஐந்துக்குச் சரியான பதில். அதுவரை எல்லாமே, விடை முன்பே தெரிந்த கேள்விகள். அவருக்கு நினைவு இருக்கிறதா என்று சோதிக்கும் கேள்விகள். 2012இல் கனடாவில், விபத்துக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படிக் கிடந்த வேறொருவரிடம், அவரைத் தவிர யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டார்கள். உடம்பில் எங்காவது வலிக்கிறதா?

மூளைக்குள் அவர் தன் வீட்டு அறைகளில் நடந்தார். இல்லை.